மலையகத்தில் சுகாதாரத் துறைக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்குக் கைகொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு தாதிய உத்தியோகத்தர். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவள். சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், டியூஷன் முடிந்து வரும் ஏ.எல் (உயர்தர) பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். என்னோடு ஒரு மருந்தாளர், ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, குடும்ப நல உத்தியோகத்தராக இருக்கும் ஓர் அக்கா, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கச்சி ஆகியோரும் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வழிகாட்டுவது என்றால் பாடம் சொல்லிக் கொடுப்பதா?

இல்லை. பாடத்துக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், டியூஷன் இருக்கிறது. நம்முடைய பிள்ளைகளுக்கு இல்லாதது, ஆஸ்பத்திரிக்குள்ளே வேலை செய்கிற தெரிந்த முகம் ஒன்று. டவுனில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு மாமா டாக்டராக இருப்பார், பக்கத்து வீட்டு அன்ட்டி நர்ஸாக இருப்பார். எப்போது விண்ணப்பம் போடுவது, எங்கே போடுவது என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில் பேச்சோடு பேச்சாக அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். லயத்துப் பிள்ளைக்குத் தெரிந்த வெள்ளைச் சட்டை, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவரும் கிளினிக் மிஸ்ஸியும்தான். அவர்களிடம் நின்று பேச நேரம் கிடைக்காது. அந்த மாமாவின் இடத்தில், அந்த அன்ட்டியின் இடத்தில் நாம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான் டாக்டர் இல்லையே. எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

இதைக் கேட்காத ஆளே இல்லை. நீங்கள் மருந்தாளராக இருக்கலாம், எக்ஸ்ரே எடுப்பவராக இருக்கலாம், தாதியர் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிப்பவராகக்கூட இருக்கலாம். பிள்ளைக்கு உங்களுடைய பதவி முக்கியமில்லை. நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்பதுதான் அதற்கு வேண்டும். சொல்லப்போனால், போன வருடம் விண்ணப்பம் நிரப்பிய ஒரு தங்கச்சி சொல்வது, இருபது வருடத்துக்கு முன் நிரப்பிய நான் சொல்வதைவிடப் பிரயோசனமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிடாதீர்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னால், அடுத்த ஞாயிறு கேட்டுக்கொண்டு வாருங்கள்.

எந்த வகுப்பில் தொடங்குவது?

முடிந்தால் ஓ.எல், அதாவது சாதாரண தரப் பரீட்சை, எழுதுவதற்கு முன்பே. மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் கொஞ்சம்தான். கிட்ட இருக்கும் பாடசாலையில் பயோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கலைப்பிரிவுக்குப் போகும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறோம். பத்தாம் வகுப்பிலேயே பேசத் தொடங்கினால் எந்தப் பாடசாலை, எந்த பஸ், விடுதி வேண்டுமா, உறவுக்காரர் வீட்டில் தங்கலாமா என்றெல்லாம் யோசிக்க நேரம் இருக்கும்.

பாடத் தெரிவையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உயிரியல், இரசாயனவியல் இரண்டோடு மூன்றாவதாக பௌதிகவியலோ விவசாய விஞ்ஞானமோ எடுக்கலாம். பௌதிகவியல் கஷ்டம் என்று விவசாயத்தை எடுத்த பிள்ளைக்கு மருத்துவபீடத்தின் கதவு அன்றைக்கே மூடிவிடும். தெரிந்தே அப்படி எடுத்தால் சரி. தெரியாமல் எடுத்துவிட்டுப் பதின்மூன்றாம் வகுப்பில் வந்து கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

டாக்டர் ஆக முடியாவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி கேட்கப்படுகிற விதமே எனக்குக் கவலை தரும். "ஆக முடியாவிட்டால்" என்று கேட்கும்போதே மற்ற வேலைகளெல்லாம் தோற்றவர்கள் போகிற இடம் என்று ஆகிவிடுகிறது. ஒரு வாட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போன பிறகு, இரவு முழுக்க அந்த நோயாளியின் மூச்சைக் கேட்டுக்கொண்டு இருப்பது தாதிதான்.

சரி, என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பல்கலைக்கழகம் என்றால் மருத்துவம் ஐந்து வருடம், அதற்குப் பிறகு ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. பேராதனையில் பல் மருத்துவபீடமும் மிருக வைத்தியபீடமும் இருக்கின்றன. அங்கேயே இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் தாதியம், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் என்று ஐந்து பட்டப்படிப்புகள். கண்டியிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இவ்வளவும் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் தாதியம், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் உண்டு. சித்த மருத்துவம் படிக்க யாழ்ப்பாணமும் திருகோணமலை வளாகமும் இருக்கின்றன.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் சுகாதார அமைச்சின் பயிற்சிகள். தாதியர் கல்லூரிப் படிப்பு மூன்று வருடம். கண்டியிலும் இருக்கிறது, பதுளையிலும் இருக்கிறது. கட்டணம் கிடையாது, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் தருகிறார்கள். இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காரும் அப்பாமார்களைப் பார்த்திருக்கிறேன். பொதுச் சுகாதார பரிசோதகர், அதாவது பீ.எச்.ஐ, பயிற்சியும் அமைச்சின் கீழ்தான். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவைக்கு அவசர மருத்துவ உதவியாளர்களை எடுக்கிறார்கள். இரவில் தோட்டத்திலிருந்து அழைக்கிற ஓர் அம்மா தமிழில்தான் பேசுவார் என்பதால், அந்த வண்டியில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பது பெரிய விஷயம்.

குடும்ப நல உத்தியோகத்தரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். நாம் மிட்வைஃப் என்று கூப்பிடுகிறோமே, அவர்தான். பயிற்சி சுமார் ஒன்றரை வருடம். கர்ப்பிணியின் வீட்டுக்குப் போவது, பிள்ளையை நிறுத்துப் பார்ப்பது, தடுப்பூசிக்கு வரச் சொல்வது, தாய்க்குச் சாப்பாடு பற்றிச் சொல்வது என்று வேலை முழுக்க லயத்து வாசலில்தான். 2016ஆம் ஆண்டு நடந்த குடிசனவியல் மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 17 வீதம், தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலிருக்கும் தூரத்தைக் குறைக்கிற வேலை மிட்வைஃபினுடையது. கொழுந்து எடுக்கப் போகும் தாய் எத்தனை மணிக்கு மலைக்கு ஏறுகிறாள், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது தெரிந்த ஒரு பெண் அந்த வேலைக்கு வந்தால், அவள் சொல்லும் வார்த்தை வேறு மாதிரி எடுபடும்.

இசட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு என்கிறார்களே, பெற்றோருக்கு எப்படி விளக்குவது?

மூன்று பாடங்களில் ஒவ்வொன்றிலும், அதை எழுதிய எல்லாருடைய சராசரியோடு ஒப்பிட்டால் இந்தப் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைக் காட்டுகிற எண்தான் இசட் புள்ளி. அதனால்தான் "மூன்று ஏ எடுத்தும் மெடிசின் கிடைக்கவில்லை" என்பதும் நடக்கிறது.

அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைப்படி, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிள்ளை படித்த பாடசாலை, வீடு இருக்கும் இடம் அல்ல. நல்ல டியூஷன் இருக்கிறது என்று கொழும்புப் பாடசாலைக்கு மாற்ற நினைக்கிற பெற்றோருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் உயர்தரம் எழுதலாம் என்பதையும் சொல்லுங்கள்.

வழிகாட்டி எப்போது மிகவும் தேவைப்படுகிறார்?

பரீட்சைக்கு முன்பு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் பெறுபேறு வந்த பிறகுதான்.

பரீட்சை வரை பிள்ளையைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். பாடசாலை இருக்கிறது, டியூஷன் சேர் இருக்கிறார், கூட்டாளிகள் இருக்கிறார்கள். பெறுபேறு வந்த அன்று பிள்ளை தனியாக நிற்கிறது. ஒரு சி, இரண்டு எஸ் என்று போனில் தெரிகிறது. டாக்டராகப் போகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்த பிள்ளைக்கு, மூன்று பாடமும் சித்தியடைந்திருப்பதுகூடக் கண்ணில் படாது. போனை அணைத்துவிடும். ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அப்புறம் கொழும்பில் கடை வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று யாராவது வருவார்கள். அந்த பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று ஒரு வாட்டில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டியவர்கள்.

அதனால் பெறுபேறு வெளியாகும் நாளில் நாங்கள் ஐந்து பேரும் போனும் கையுமாக இருப்போம். பிள்ளை அழைக்காவிட்டால் நாங்கள் அழைப்போம். அன்றைக்கு அறிவுரை எதுவும் சொல்வதில்லை. "சாப்பிட்டியா, அம்மா வேலை முடிந்து வந்துவிட்டாரா, ஞாயிறு வா" என்று மட்டும்தான். அந்த ஞாயிறு வரும்போது மூன்று பேப்பரை மேசையில் வைப்போம். திரும்ப எழுதுவதானால் என்ன, இந்தப் பெறுபேற்றோடு எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம், அதுவரை என்ன படிக்கலாம் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும்.

பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது கட்டாயம் பக்கத்தில் உட்காருங்கள். பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் போட வேண்டும். தகுதியுள்ளவற்றில் மேலே இருப்பதுதான் கிடைக்கும். ஆகவே கடினமானதை மேலே போடுவதால் நட்டமில்லை. நட்டம் எங்கே என்றால், மருத்துவத்தை மட்டும் போட்டுவிட்டுக் கீழே வெறுமையாக விடுவதில்தான். தாதியமோ ஆய்வுகூட விஞ்ஞானமோ கிடைத்திருக்கக்கூடிய புள்ளியோடு ஒன்றுமில்லாமல் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும்.

வர்த்தமானி, ஆவணங்கள் விஷயத்தில் என்ன உதவலாம்?

நிறைய. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகமாக விழுகிறார்கள், அதனால் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

தாதியர், மிட்வைஃப், பீ.எச்.ஐ பயிற்சிகளுக்கு அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வரும். வயது எல்லை, ஓ.எல்லில் என்னென்ன சித்தி வேண்டும், ஏ.எல்லில் எந்தப் பாடங்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். போன தடவை இருந்தது இந்தத் தடவை மாறியிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து வாசியுங்கள். பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முடிவுத் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டமிடச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். ஒரு பிள்ளையின் கோப்பைத் திறந்து பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் ஓ.எல் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி இருக்கும். நேர்முகத் தேர்வு மேசையில் அது தெரியவந்தால் அழுதாலும் நடக்காது. திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும், மாதங்கள் போகும். ஒவ்வொரு தடவையும் அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய நாட்சம்பளத்தை, இழந்துதான் டவுனுக்கு வர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டால் பதற்றமில்லை.

மூன்றாவது விலாசம். இது என்னுடைய சொந்தக் கதை. நான் முதல் தடவை தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது நேர்முகத்துக்கான கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே கடிதக் கட்டோடு கிடந்து, தேர்வு முடிந்து இரண்டு நாள் கழித்து என் கைக்கு வந்தது. உறையில் என் பெயர் சரியாகத்தான் இருந்தது. எங்கள் லயத்துக்கு இலக்கமும் கிடையாது, தபால்காரர் வருவதும் கிடையாது. அம்மா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். இரண்டாம் தடவை டவுனில் கடை வைத்திருந்த பெரியப்பாவின் விலாசத்தைக் கொடுத்தேன், கிடைத்தது. இன்று பல அறிவித்தல்கள் போனுக்கும் மின்னஞ்சலுக்கும் வருகின்றன. இருந்தாலும் என்னிடம் வரும் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பது, "கடிதம் நேராகக் கைக்கு வரும் விலாசம் யாரிடம் இருக்கிறது?" என்றுதான். போன் இலக்கத்தையும் அடிக்கடி மாற்றக் கூடாது என்று சொல்லி வைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குள்ளே கூட்டிப்போய்க் காட்டலாமா?

அனுமதி இல்லாமல் கூட்டிப்போகக் கூடாது. நோயாளிகள் நம் ஊர்க்காரர்கள். ஒருவருடைய வருத்தம் இன்னொருவர் வாயில் கதையாகிவிடும். கேட்டு, அனுமதி கிடைத்தால், வெளிநோயாளர் பிரிவையோ மருந்தகத்தையோ காட்டலாம். போட்டோ எடுக்கக் கூடாது என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரி இல்லாமலேயே நிறையக் காட்டலாம். நான் முதல் ஞாயிறு நாடி பார்க்கச் சொல்லிக் கொடுப்பேன். பெருவிரலின் அடியில் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெருவிரலால் பிடித்தால் தன்னுடைய துடிப்பையே எண்ணிவிடும் என்பதால் அதை வைக்கக் கூடாது. பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை. வீட்டுக்குப் போய் மூன்று பேருக்குப் பார்த்து எழுதி வா என்று அனுப்புவேன்.

ஒரு பிள்ளை தன் அம்மாயிக்குப் பார்த்துவிட்டு வந்தாள். கொப்பியில் 74 என்று எழுதி, பக்கத்தில், "கை மிகவும் சொரசொரப்பு, முதலில் பிடிபடவில்லை" என்று எழுதியிருந்தாள். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கை. கறை ஏறி, விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையை அன்றுதான் ஒரு நிமிடம் பிடித்திருந்தேன் என்றாள். இப்போது அவள் தாதியர் கல்லூரியில் இருக்கிறாள்.

சிங்களமும் ஆங்கிலமும் வராதே?

வர வைக்க வேண்டும். தமிழ் மொழியில் ஏ.எல் எழுதிவிட்டுப் போகிற பிள்ளைக்கு மருத்துவபீடத்தில் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் விரிவுரை. வாட்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். பரீட்சை முடிந்து பெறுபேறு வருகிற வரைக்கும் இருக்கிற மாதங்களை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணத்தில் தொடங்காதீர்கள். "ரிதென்னே கொஹெத?", எங்கே வலிக்கிறது, என்று கேட்பதில் தொடங்கினால் பிள்ளைக்கு உடனே ஆர்வம் வந்துவிடும்.

அதேநேரம் தமிழைக் குறையாக நினைக்க விடாதீர்கள். "நெஞ்சு கரிக்குது" என்று ஒரு தாத்தா சொல்கிறார், "மேலெல்லாம் உளையுது" என்று ஓர் அம்மா சொல்கிறார். அதை டாக்டருக்குச் சரியாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் வாட்டில் இல்லாத நாளில், அந்த நோயாளி பேசாமலேயே இருந்துவிடுகிறார். நம் பிள்ளைகளிடம் அந்தத் திறமை பிறப்பிலேயே இருக்கிறது.

காசுக்கு என்ன செய்வது?

அரசாங்கப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழகத்தில் மகாபொல புலமைப்பரிசில் அல்லது நிதியுதவி கிடைக்கும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தோடு சேர்ந்த தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசில் இருக்கிறது, ஏ.எல் பிள்ளைகளுக்கும் உண்டு. வழிகாட்டி தன் கையிலிருந்து காசு கொடுப்பதை நான் விரும்புவதில்லை. கொடுத்தால் பிள்ளை அடுத்த ஞாயிறு வரக் கூச்சப்படும். பஸ் காசு, போட்டோ பிரதி, முத்திரை மாதிரி சின்னச் செலவை எல்லாருக்கும் பொதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தனியார் நர்ஸிங் கோர்ஸில் சேர்க்கலாமா?

கவனம். நகையை அடகு வைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு சான்றிதழோடு வந்து நிற்கிறவர்கள் உண்டு. சேர்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை முடித்தால் இலங்கை தாதியர் பேரவையில் பதிவு செய்ய முடியுமா? தாதி உதவியாளர் அல்லது பராமரிப்பாளர் கோர்ஸ் என்றால், அது என்.வீ.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழா, எத்தனையாவது மட்டம்? பதிலை எழுத்தில் கேளுங்கள், பேரவையிலும் விசாரியுங்கள். உதவியாளர் கோர்ஸ் முடித்தவர் தாதிய உத்தியோகத்தர் ஆகிவிடமாட்டார். அது மதிப்பான வேலைதான், ஆனால் எதற்குக் காசு கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவப் பேரவை ஏற்றிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. திரும்பி வந்த பிறகு இங்கே ஒரு பரீட்சையும் எழுத வேண்டும்.

"பெண் பிள்ளைக்கு நைட் டியூட்டி வேண்டாம்" என்கிறார்களே?

வாதாடாதீர்கள். அந்த அம்மாவை, வேலையில் இருக்கும் ஒரு நர்ஸோடு பேச வையுங்கள். நான் என் அம்மாவையே கூட்டிப்போயிருக்கிறேன். அவரிடம் அந்தத் தாய்மார் கேட்பதெல்லாம் நேரான கேள்விகள்: விடுதியில் கதவு பூட்டு உண்டா, இரவு யாரோடு வருவாள், கல்யாணத்துக்குத் தடையாகுமா? அம்மா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்வார். என்னால் முடியாததை அவர் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் முடித்துவிடுவார்.

பிள்ளைகளோடு பழகுவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பொது இடத்தில், பகலில், குழுவாகச் சந்தியுங்கள். கோயில் மண்டபம், வாசிகசாலை, பாடசாலை எதுவானாலும் சரி. வீட்டாருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். இரவில் தனியாக மெசேஜ் அனுப்புவது கூடாது. பிள்ளை சொன்ன குடும்பக் கஷ்டத்தை வெளியில் சொல்லவும் கூடாது. அப்பா குடிப்பதை ஒரு பிள்ளை நம்பிச் சொல்லியிருக்கும்.

எவ்வளவு நேரம் தேவைப்படும்?

மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, இரண்டு இரண்டு மணித்தியாலம். பெறுபேறு வரும் மாதத்தில் கொஞ்சம் கூடும். ஒருவருக்கு நான்கைந்து பிள்ளைகள் போதும், கூடினால் பெயர்தான் ஞாபகம் இருக்கும், ஆள் ஞாபகம் இருக்காது.

பிள்ளை பாதியில் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டால்?

பெயரை வெட்டிவிடாதீர்கள். எங்கள் கொப்பியில் கடைசிப் பக்கம் அவர்களுக்குத்தான். வயது எல்லைக்குள் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் எழுதியிருக்கிறோம். அறிவித்தல் வந்தால் போன் பண்ணுகிறோம், எடுக்காவிட்டால் வீட்டில் சொல்லிவிடுகிறோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். போன தீபாவளிக்கு முதல் நாள் கடையிலிருந்து நேராக ஒரு தம்பி வந்தான், பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அவனுடைய சான்றிதழ்களின் பிரதிகள் இரண்டு வருடமாக என் அலுமாரியில் இருந்தன. வாசலிலேயே நின்று, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் லயத்துக்கு ஏறிப் போனான்.